வெள்ளாவியிலிருந்து வாஷர் டிரையர் வரை

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு நான் கொடுத்த தலைப்பைப் பார்த்துவிட்டு ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, இது இலக்கியக் கூட்டம். உடுப்புத் தோய்க்கிற மெஷினைப் பற்றியோ கதைக்கப் போறியள்?" என்று கேட்டார். ஓம் என்றேன். சிரித்துவிட்டுச் சம்மதித்தார். இந்தக் கூட்டத்தில் போர்களைப் பற்றியும் புலப்பெயர்வைப் பற்றியும் நிறையப் பேசியிருக்கிறோம். நம் எல்லோருடைய சமையலறையிலும் ஒரு மூலையில் நின்று சுழன்றுகொண்டிருக்கும் ஒரு பொருளுக்கும் வரலாறு உண்டு. அதில் நம்முடைய பங்கும் உண்டு. அதைத்தான் இன்று சொல்லப் பார்க்கிறேன்.

போன தை மாதம் எங்கள் வீட்டு வாஷர் டிரையர் நின்றுபோனது. கிழக்கு லண்டனில் இரண்டு அறைகள் கொண்ட அடுக்குமாடி வீடு எங்களுடையது. தோய்க்க ஒன்று, உலர்த்த ஒன்று என்று இரண்டு இயந்திரங்கள் வைக்க இடமில்லை. அதனால் இரண்டு வேலையையும் ஒரே உருளைக்குள் செய்யும் இயந்திரத்தை வாங்கிச் சமையலறை மேசைக்குக் கீழே வைத்திருக்கிறோம். அன்று உள்ளே துவாய்கள் நிறைந்திருந்தன. தண்ணீர் வெளியேறவில்லை. கதவும் திறக்கவில்லை.

பழுது பார்க்க வந்தவர் முதலில் மின்சாரத்தை நிறுத்தினார். இயந்திரத்தின் அடியில், வலது மூலையில் இருந்த சிறிய மூடியைத் திறந்தார். தட்டையான ஒரு தட்டை வைத்துத் தண்ணீரை வடித்தார். பிறகு உள்ளே இருந்த வடியை இடப்பக்கமாகத் திருகி வெளியே எடுத்தார். கம்பளித் துணிபோல இறுகிப்போன சாம்பல் நிறப் பஞ்சு. அதற்குள் இரண்டு ஒரு பென்ஸ் நாணயங்கள், ஓர் ஊசி, என் சேட்டுப் பொத்தான் ஒன்று. "கடைசியாக இதை எப்போது திறந்தீர்கள்?" என்று கேட்டார். அங்கே அப்படி ஒரு மூடி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் விழிப்பதைப் பார்த்து என் மனைவி பின்னால் நின்று சொன்னாள்: "நான் மாசத்துக்கு ஒருக்கா திறந்து கழுவுறனான். கை ஒப்பரேசனுக்குப் பிறகு மூண்டு மாசமாச் செய்யேலாமப் போட்டுது."

பதினான்கு வருடங்களாக அந்த வேலை நடந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. இந்த உரை அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

வந்தவர் இன்னொரு கேள்வியும் கேட்டார். "உருளை நிறையப் போட்டுத் தோய்த்துவிட்டு, அதையே அப்படியே உலர்த்துகிறீர்களா?" ஓம் என்றேன். கூடாது என்றார். எட்டுக் கிலோ தோய்க்கும் இயந்திரம் பெரும்பாலும் ஐந்து கிலோ அளவில்தான் உலர்த்தும். காரணம் எளிது. தண்ணீருக்குள் துணி அடங்கிக் கிடக்கும். உலரும்போது அது மேலெழுந்து விழ வேண்டும், இடையில் சூடான காற்றுப் போய்வர வேண்டும். இடம் இல்லையென்றால் வெளிப்பக்கம் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். இயந்திரம் மணிக்கணக்கில் ஓடும். எனவே தோய்த்து முடிந்ததும் ஒரு பகுதியை வெளியே எடுத்துவிட்டுத்தான் உலர்த்தலைத் தொடங்க வேண்டும்.

உலர்த்துவது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பத்தைக் கொண்டு, சுமார் 27 லிட்டர் நீரை 20 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்கலாம். மின்கட்டணம் எங்கே போகிறது என்பது இப்போது விளங்கும். உலர்த்துவதற்கு முன் துணியை வேகமாகச் சுழற்றிப் பிழிந்துவிடுவதே சிக்கனம். ஒரு துளி நீரைச் சுழற்றி வெளியேற்ற ஆகும் மின்சாரம், அதை ஆவியாக்க ஆவதைவிட மிகக் குறைவு.

உலர்த்துவதன் கடினம் நம் இலக்கியத்துக்குத் தெரியாத விஷயமல்ல. பெரியபுராணத்தில் திருக்குறிப்புத் தொண்ட நாயனாரை நினைத்துப் பாருங்கள். காஞ்சிபுரத்து ஏகாலியர். குளிர்காலத்தில் கிழிந்த, அழுக்கேறிய ஒரு கந்தையோடு முதியவர் ஒருவர் வருகிறார். வெளுத்துத் தருகிறேன் என்கிறார் தொண்டர். பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தர வேண்டும் என்பது முதியவரின் நிபந்தனை. தோய்ப்பதில் தொண்டருக்கு ஒரு சிக்கலும் இல்லை. பிறகு மழை பிடிக்கிறது, விடவே இல்லை. ஈரத்துணியோடு நின்று, குளிரில் அந்தக் கிழவர் என்ன ஆவாரோ என்று துடித்து, துணி துவைக்கும் கல்லிலேயே தலையை மோதப் போகிறார். அப்போதுதான் இறைவனின் கை தோன்றித் தடுக்கிறது. பக்திக் கதையாக மட்டும் நான் முன்பு படித்த அந்த இடம், லண்டனில் இரண்டு கார்த்திகை மாதங்களைக் கழித்த பிறகு வேறு மாதிரி விளங்கியது. வெயில் இல்லாத நாளில் துணி வெளுப்பவரின் உழைப்பு முழுதும் வானத்தின் கையில் இருந்தது.

இயற்கையின் கையிலிருந்து அந்த வேலையைப் பிடுங்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். 1800 வாக்கில் பிரான்சைச் சேர்ந்த பொஷோன் என்பவர், துளைகள் இட்ட உலோக உருளைக்குள் ஈரத்துணியைப் போட்டு, நெருப்புக்கு மேலே கையால் சுழற்றும் கருவியைச் செய்தார். துணி காய்ந்தது. புகை மணமும் சேர்ந்துகொண்டது. 1892இல் அமெரிக்கரான ஜார்ஜ் சாம்ப்சன் அடுப்பு வெப்பத்தில் துணி உலர்த்தும் சட்டகத்துக்குக் காப்புரிமை பெற்றார். வட டகோட்டாவின் பனிக்காலத்தில் கொடியில் துணி போட்டு அலுத்துப்போன ரோஸ் மூர் என்பவர், சூடேற்றிய உருளையை வைத்துப் பல ஆண்டுகள் சோதனை செய்தார். அவருடைய வடிவமைப்பில் உருவான உலர்த்தும் இயந்திரம் 1938இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு 'ஜூன் டே' என்று பெயர் வைத்தார்கள். பனிநாட்டுக்காரருக்கு ஆனி மாத வெயில் எவ்வளவு பெரிய கனவு என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. தானாகத் தோய்க்கும் இயந்திரத்தை 1937இல் அறிமுகப்படுத்திய பெண்டிக்ஸ் நிறுவனமே, 1950களில் தோய்த்தலையும் உலர்த்தலையும் ஒரே உருளைக்குள் கொண்டுவந்தது. எங்கள் சமையலறை மூலையில் நிற்பது அதன் வழித்தோன்றல்.

இது இயந்திரத்தின் பக்கத்து வரலாறு. அந்த இயந்திரம் செய்யும் வேலையை அதற்கு முன்னர் செய்தவர்கள் யார்? அதற்கு நான் என் ஊருக்குப் போக வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு கட்டாடியார் வருவார். வளவின் பின்பக்கப் படலையால்தான் வருவார். அம்மம்மா அழுக்கு உடுப்பு மூட்டையை அவர் கையில் கொடுக்க மாட்டா. நிலத்தில் வைப்பா, அவர் குனிந்து எடுப்பார். சில நாட்களின் பின் வெளுத்த உடுப்புகள் வரும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சேங்கொட்டையால் இட்ட சிறு குறி இருக்கும். எங்கள் வீட்டுக் குறி எது, அடுத்த வீட்டுக் குறி எது என்பதை எந்த ஏட்டிலும் எழுதாமல் நினைவில் வைத்திருப்பார். கூலி பெரும்பாலும் அறுவடை நெல்லும், நன்மை தீமைகளில் கிடைப்பதும். கல்யாண வீட்டிலும் செத்தவீட்டிலும் வெள்ளை கட்ட அவர் வர வேண்டும். வராமல் இருக்க அவருக்கு உரிமை இல்லை.

அவர் செய்த வேலையை இப்போது எங்கள் இயந்திரத்தின் முகப்பில் எழுதியிருக்கும் வரிசையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். முதலில் ஊறவைப்பது. அவர் உவர்மண்ணில் ஊறவைத்தார். அது காரமுள்ள மண், எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும். அடுத்தது சூடு. அவர் வெள்ளாவி வைத்தார். கொதிக்கும் பானைக்கு மேலே துணிகளை அடுக்கி இரவு முழுதும் நீராவியில் அவித்தார். இன்று புதிய இயந்திரங்களில் நீராவி நிரல் என்று பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். அடுத்தது அடிப்பது. உருளை சுழலும்போது துணி மேலே போய்த் தொப்பென்று விழுகிறதே, அது தோய்க்கிற கல்லின் வேலை. பிறகு அலசல், நீலம், கஞ்சி, வெயில். இயந்திரத்துக்குள் இருப்பது ஒரு தலைமுறை பொறியியலாளரின் அறிவு மட்டும் அல்ல. பருத்திக்கு எவ்வளவு சூடு, பட்டுக்கு எவ்வளவு என்று தொட்டுப் பார்த்தே சொல்லத் தெரிந்தவர்களின் அறிவு முன்பே இருந்தது. அதற்கு நாங்கள் கொடுத்த மரியாதை, நிலத்தில் வைத்த மூட்டை.

அதற்குக் கீழேயும் ஒரு படி இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினரின் துணிகளை வெளுக்கத் துரும்பர் என்று தனியாக ஒரு பிரிவினர் இருந்தார்கள். தமிழ்நாட்டில் அதே வேலையைச் செய்தவர்களைப் புதிரை வண்ணார் என்றார்கள். திருநெல்வேலிப் பகுதியில் அவர்களைக் கண்ணால் காண்பதே தீட்டு என்று கருதி, பகலில் வெளியே வர விடாமல் வைத்திருந்ததை 1932இல் 'தி இந்து' நாளிதழ் எழுதியது. தொட்டால் தீட்டு என்பதைத் தாண்டி, பார்த்தாலே தீட்டு. ஆனால் அழுக்குத் துணி மட்டும் வெளுத்து வர வேண்டும். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலை நம்மில் பலர் வாசித்திருப்போம். 1994இல் வந்தது. புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண்ணான ஆரோக்கியத்தின் வாழ்க்கை அது. வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கழற்றிய சேட்டைக் கூடைக்குள் போட்டுவிட்டுப் படுக்கப் போனேன். அந்தக் கூடை அடுத்த நாள் எப்படி வெறுமையானது என்று யோசிக்கவில்லை.

அழுக்கு வேலை சாதியாக இல்லாத நாட்டில் வர்க்கமாக இருந்தது. 1832இல் லிவர்பூல் நகரில் கொலரா பரவியது. ஏழைகளின் வீடுகளில் வெந்நீர் வைக்க வசதியில்லை. நோயாளியின் துணியைக் கொதிக்கவைத்தால்தான் மற்றவர் பிழைப்பார்கள் என்று நம்பினார் கிற்றி வில்கின்சன். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஒரு தொழிலாளிப் பெண் அவர். தன் வீட்டிலிருந்த கொதிகலனை அயலவருக்குத் திறந்துவிட்டார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1842இல் அங்கே பொதுச் சலவைக்கூடம் திறக்கப்பட்டது. 1846இல் குளியல் இல்லங்களுக்கும் சலவைக்கூடங்களுக்குமான சட்டம் பிரித்தானியாவில் வந்தது. தன் துணியைத் தோய்க்க ஒரு மனிதருக்கு வெந்நீரும் இடமும் வேண்டும் என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்ட தருணம் அது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1949 மே மாதம், லண்டன் குயின்ஸ்வேயில் நாட்டின் முதல் லாண்டரெட் திறந்தது. காசு கொடுத்து யாரும் தாமே இயந்திரத்தில் தோய்த்துக்கொள்ளலாம்.

நான் 1991இல் இந்த நாட்டுக்கு வந்தபோது ஈஸ்ட் ஹாமில் ஓர் அறையில் நாலு பேர் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறுப்புப் பைகளில் உடுப்பைத் திணித்துக்கொண்டு லாண்டரெட்டுக்குப் போவோம். என் இருபத்து நாலாவது வயதில், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, என் உள்ளாடையை நானே தோய்த்தேன். பக்கத்தில் ஒரு வங்காளி, ஒரு சோமாலியர், ஓர் ஆங்கிலக் கிழவி. யாருடைய மூட்டையும் நிலத்தில் வைக்கப்படவில்லை. யாரும் யாருக்காகவும் குனியவில்லை. அந்த வயதில் அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. குளிர், தூக்கக் கலக்கம், சில்லறைக் காசு, இவைதான் நினைவில் இருக்கின்றன.

பிறகு கல்யாணமானது. வீடு வந்தது. வீட்டுக்குள் இயந்திரமும் வந்தது. நான் மறுபடியும் தோய்ப்பதை விட்டுவிட்டேன்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூல் ஒன்று இந்த இடத்தைத்தான் பேசுகிறது. வீட்டு இயந்திரங்கள் பெண்களின் வேலையைக் குறைத்தன என்று நாம் நினைக்கிறோம். முதுகொடியும் உழைப்பைக் குறைத்தது உண்மை. ஆனால் முன்பு நடுத்தரக் குடும்பங்கள் சலவைக்காரியிடமோ சலவை நிலையத்திடமோ கொடுத்த துணிகள், இயந்திரம் வந்த பிறகு வீட்டுக்குள் திரும்பி வந்தன. மற்றவர் செய்த வேலை மனைவியின் தலையில் இறங்கியது. தூய்மையின் அளவுகோலும் உயர்ந்தது. வாரம் ஒரு முறை மாற்றிய சட்டையைத் தினமும் மாற்றத் தொடங்கினோம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சுவீடன் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2010இல் ஆற்றிய ஓர் உரையில், தன் வீட்டுக்கு முதல் இயந்திரம் வந்த நாளை நினைவுகூர்ந்தார். வாழ்நாள் முழுதும் விறகில் தண்ணீர் சுடவைத்துக் கையால் தோய்த்த அவருடைய பாட்டி, அன்று இயந்திரத்தின் முன் நாற்காலியைப் போட்டு, அது சுழன்று முடியும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாராம். மிச்சமான நேரத்தில் அவருடைய அம்மா அவரை நூலகத்துக்குக் கூட்டிப்போனாராம். கோவன் சொல்வதும் உண்மை, ரோஸ்லிங் சொல்வதும் உண்மை. இயந்திரம் நேரத்தைத் தருகிறது. யாருக்கு அந்த நேரம் போய்ச் சேர்கிறது என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை. எங்கள் வீட்டில் அது எனக்கு வந்து சேர்ந்தது. அந்த நேரத்தில் நான் நாவல்கள் வாசித்தேன், இப்படிக் கூட்டங்களில் பேசினேன்.

பழுது பார்த்தவர் போன பிறகு நான் அந்த வேலையைக் கேட்டுப் பழகிக்கொண்டேன். கூட்டத்தில் என்னைப் போன்ற ஆண்கள் சிலர் இருக்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்கிறேன்.

மாதம் ஒரு தடவை, இயந்திரம் ஆறியிருக்கும்போது, அடியிலுள்ள வடியைத் திறந்து கழுவ வேண்டும். பல வாஷர் டிரையர்களில் தனி உலர்த்திகளில் உள்ளது போலப் பஞ்சு பிடிக்கும் தனி வலை இல்லை. உலரும்போது உதிரும் பஞ்சு தண்ணீரோடு வடிக்குத்தான் வருகிறது. கொஞ்சம் கதவின் இறப்பர் மடிப்பில் தங்குகிறது. அந்த மடிப்பை விரலால் விரித்து ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பல இயந்திரங்கள் நீராவியைக் குளிர்விக்கத் தண்ணீரைப் பயன்படுத்துகின்றன. ஆகவே உலர்த்தும்போது தண்ணீர்க் குழாயை மூடக்கூடாது. எப்போதும் 30 பாகையில் தோய்த்தால் சவர்க்கார மிச்சமும் பூஞ்சையும் படியும். மாதம் ஒரு தடவையாவது உருளையை வெறுமையாக விட்டு 60 பாகையிலோ அதற்கு மேலோ ஓடவிட வேண்டும். முடிந்ததும் கதவையும் சவர்க்காரப் பெட்டியையும் சற்றுத் திறந்து வைக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்றைப் போலவே லண்டன் குழாயிலும் சுண்ணாம்பு நீர்தான் வருகிறது. அது சூடேற்றியில் படியும், அதையும் அவ்வப்போது நீக்க வேண்டும். படுக்கப் போகும்போதும் வீட்டில் ஆளில்லாதபோதும் உலர்த்தலை ஓட விடாதீர்கள். 2016இல் மேற்கு லண்டனில் ஓர் அடுக்குமாடியில் பிடித்த தீ, ஓர் உலர்த்தும் இயந்திரத்திலிருந்துதான் தொடங்கியது.

முதல் தடவை நான் முழந்தாளிட்டு அந்த வடியை இழுத்தபோது அம்மா பார்த்துக்கொண்டிருந்தா. எண்பது வயதாகிறது, எங்களோடுதான் இருக்கிறா. "டேய், உதை ஏன் கையால தொடுறாய்? ஆரையும் கூப்பிட்டுச் செய்விக்கலாம்தானே?" என்றா.

"அம்மா, இது எங்கட ஊத்தைதானே" என்றேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்கட கட்டாடிக்கு என்ன பேர்?" என்று நான் கேட்டேன். அம்மா யோசித்தா. எத்தனையோ பேரின் பெயரை, அவர்களின் பிள்ளைகளின் பெயரை, கல்யாணம் செய்துபோன ஊரைச் சொல்லக்கூடியவ. "கட்டாடி எண்டுதானே கூப்பிடுறது" என்றா. பிறகு, "கேட்கேல்ல" என்றா.

பத்து வயதுப் பெடியனான நான், என் தாத்தாவின் வயதிருந்த அந்த மனிதரை 'நீ' என்று கூப்பிட்டிருக்கிறேன். இருபது வருடங்கள் என் உடுப்பை வெளுத்தவர். பஞ்சமர் எழுத்தைப் பற்றி, கே. டானியலின் நாவல்களைப் பற்றி நான் இதே கூட்டத்தில் பேசியிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பின்படலையால் வந்தவரின் பெயர் எனக்குத் தெரியாது. இந்தக் கடனை இயந்திரத்தின் வடியைக் கழுவித் தீர்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அவர் செய்த வேலை என்னவென்று என் கைக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சாதியை விட்டு வந்துவிட்டோம் என்று புலம்பெயர்ந்த நாடுகளில் அடிக்கடி சொல்கிறோம். கட்டாடியார் இல்லாத நாட்டுக்கு வந்துவிட்டோம் என்பதுதான் உண்மை. அவர் விட்ட இடத்தில் வீட்டுக்குள் வேறொருவரை நிறுத்திவிட்டு, இயந்திரம் செய்கிறது என்று சொல்லிக்கொண்டோம்.

இப்போது எங்கள் வீட்டில் உடுப்பு வேலை என்னுடையது. என் மனைவிக்குக் கை குணமாகிவிட்டது. நான் திருப்பிக் கொடுக்கவில்லை. துவாய்களை மடிக்கும் விதம் சரியில்லை என்று அவளுக்கு முறைப்பாடு உண்டு, பழகி வருகிறேன். இந்தக் கூட்டம் முடிந்ததும் உங்கள் சமையலறைக்குப் போய் அந்த இயந்திரத்தின் அடியைப் பாருங்கள். சிறிய மூடி ஒன்று இருக்கும். அதைக் கடைசியாகத் திறந்தது யார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.